உட்கருவில் களையெடுப்பு

கணிப்பொறி ஒன்றினுள் ஒரே வேளையில் பல பணிகள் நடைபெறுகின்றன. ஒருவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றார். உடன் இசை ஒலிக்கின்றது. அச்சுப்பொறி தாளைப் பதித்துத் தள்ளுகின்றது. இப்பணிகள் ஒன்றோடொன்று மோதாதவாறு, நினைவகத்தையும் நுண்செயலியின் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளம். அதன் நடுவே இருந்து, கருவிகள் அனைத்தையும் நேரே ஆளும் பகுதியை ஆங்கிலத்தில் 'கெர்னல்' என்பர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பிற்கு அம்மொழியில் வழங்கும் பெயர் அது. தமிழில் உட்கரு எனலாம்.

உட்கருக்களுள் இன்று மிகப் பரவலாக வழங்குவது லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் அதனை எழுதத் தொடங்கினார். முதற்பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. குறிப்புரைகளையும் வெற்று வரிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அஃது 4 கோடி வரிகளைக் கடந்துவிட்டது. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் எழுதி அனுப்பிய நிரல்கள் அவ்வாறு சேர்ந்தன. புதிய கருவி ஒன்று கடைக்கு வந்தால், அதனை இயக்கும் நிரல் உட்கருவிற்குள் புகுகின்றது. பத்தாண்டுகள் கழித்து அக்கருவி குப்பைக்குப் போய்விடுகின்றது, நிரலோ போவதில்லை. அதனை யாரும் அழைப்பதுமில்லை, எடுத்தெறிவதுமில்லை.

அப்படியே கிடந்தால் என்ன? வீட்டுப் பரணில் உடைந்த கட்டிலும் ஓட்டைப் பானையும் கிடப்பதில்லையா? என்று கேட்கத் தோன்றும். பரணில் கிடக்கும் பானைக்கு எவரும் சோறு போட வேண்டுவதில்லை. உட்கருவில் கிடக்கும் நிரலுக்கோ நாள்தோறும் தீனி வேண்டும். உட்கருவின் பகுதிகள் ஒன்றை ஒன்று அழைத்து வேலை வாங்குகின்றன. அழைக்கும் முறையை ஓரிடத்தில் மாற்றினால், அம்முறையைப் பின்பற்றும் எல்லா இடங்களையும் தேடிச் சென்று திருத்தியாக வேண்டும். அவ்விடங்களுள் யாருக்கும் பயன்படாதவையும் அடங்கும். திருத்தியபின் சரியாக ஓடுகின்றதா என்று பார்க்கலாமென்றால், ஓட்டிப் பார்ப்பதற்கு அந்தப் பழைய கருவி எவரிடமும் இல்லை! கண்ணைக் கட்டிக்கொண்டு தையல் போடுவது போன்ற வேலை இது.

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. எக்கோநெட் என்னும் பிணைய முறையின் வரலாறு அதனை விளக்கும். 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம், பள்ளிக்கூடக் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைப்பதற்காக அம்முறையை அமைத்தது. அதற்கு உரிய நிரல் பிற்காலத்தில் லினக்ஸிலும் இடம்பெற்றது. 2010-ஆம் ஆண்டில் அதனைப் பயன்படுத்தியவர் எவரேனும் இருந்தனரா என்பதே ஐயம். ஆனால், உட்கருவிற்கு ஒரு வழக்கம் உண்டு. ஏதேனும் ஒரு நிரல் ஒரு பிணைய முறையின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அதற்குரிய பகுதியை வட்டிலிருந்து தானே எடுத்து ஏற்றிக்கொள்ளும். கேட்டவர் யார், அவருக்கு அது தேவைதானா என்று வினவுவதில்லை. அவ்வாண்டின் இறுதியில், எக்கோநெட் நிரலில் இருந்த இரண்டு பிழைகளையும் உட்கருவின் வேறோர் இடத்தில் இருந்த ஒரு பிழையையும் இணைத்தால், எளிய பயனர் ஒருவர் கணிப்பொறி முழுவதற்கும் அதிகாரியாகிவிடலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. எக்கோநெட்டைப் பற்றிக் கேள்வியே படாதவர்களின் கணிப்பொறிகளுக்கும் இவ்வாபத்து நேர்ந்தது. யாரும் புழங்காத கொல்லைக்கதவு தாழிடப்படாமல் கிடந்ததற்கு ஒப்பானது இது. புழங்குகின்ற வாயிலாயிருந்தால் யாரேனும் அதனைக் கவனித்திருப்பர். பிழைகள் திருத்தப்பட்டன. பின்னர் 2012-ஆம் ஆண்டில் எக்கோநெட் நிரலே முற்றிலும் நீக்கப்பட்டது.

ஆயின், ஒரு நிரல் பயனற்றது என்பதை எங்ஙனம் அறிவது? சில இடங்களில் இது மிக எளிது. நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி, ஒரு கோப்பிற்குள்ளேயே எழுதப்பட்டு அங்கு எவராலும் அழைக்கப்படாத பகுதியைத் தானே சுட்டிக்காட்டிவிடும். வேறு சில இடங்களில் கடினம். உட்கருவில் பல வரிகள், 'இன்ன விருப்பம் தெரிவு செய்யப்பட்டால் மட்டும் சேர்க்க' என்னும் நிபந்தனைக்குள் அடைபட்டுள்ளன. நிபந்தனையில் குறித்த பெயரே பிழையாக இருந்தாலும், இரண்டு நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும், அவ்வரிகள் எக்காலத்தும் உயிர்பெறா. செர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய இடங்களைத் தேடுவதற்கென்றே ஒரு கருவி செய்தனர். பிணத்தை அடக்கம் செய்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அதற்குப் பெயராக இட்டனர், நகைச்சுவை அறிந்தவர்களே! 2011-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, லினக்ஸில் இவ்வகைக் குறைகள் 1,776 காணப்பட்டன. அவற்றுள் எல்லாம் பிணங்கள் அல்ல. ஓட வேண்டிய நிரல், நிபந்தனைப் பிழையால் ஓடாமற்போன இடங்களும் அவற்றில் இருந்தன. வெட்டி எறிந்திருந்தால், திருத்தப்பட வேண்டிய பிழை நிலைபெற்றிருக்கும். ஆதலின், எழுதியவரின் கருத்து யாதென ஆராயாமல் எந்த வரியிலும் கைவைத்தல் தகாது.

எல்லாவற்றினும் அரியது, பழைய நுண்செயலிகளுக்குரிய நிரலைப் பற்றி முடிவு செய்வது. உலகின் எந்த மூலையில், எந்தத் தொழிற்சாலையில் அந்தப் பொறி இன்னும் ஓடுகின்றதோ, யார் கண்டார்? நிரல் தன் பயனரின் பெயரைச் சொல்லாது; மனிதரைத்தான் கேட்க வேண்டும்.

2018-ஆம் ஆண்டில் இத்தகைய பெருங்களையெடுப்பு ஒன்று நடந்தது. (களை என்னும் சொல் முற்றும் பொருந்தாது; இவையெல்லாம் ஒரு காலத்தில் பயிராக இருந்தவையே.) பிளாக்ஃபின், டைல் முதலான எட்டு நுண்செயலி வகைகளுக்குரிய நிரல்கள் ஒருங்கே நீக்கப்பட்டன, போனவை ஏறத்தாழ 5 இலட்சம் வரிகள். ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே வந்த லினக்ஸ், அப்பதிப்பில் அளவிற் குறைந்தது. இவ்வேலையை முன்னின்று செய்த ஆர்ண்ட் பெர்க்மன், எட்டும் பயன்பாட்டில் இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொண்டார். அவற்றுள் சில அப்பொழுதும் விற்பனையாகும் கருவிகளுக்குள் இருந்தன. எனினும், அக்கருவிகள் பழைய உட்கருவோடே விற்கப்பட்டன. புதிய பதிப்பை அவை ஒருநாளும் ஏற்கப்போவதில்லை. ஆகவே, புதிய பதிப்பிலிருந்து நீக்கியதால் அவற்றிற்கு ஒரு குறையும் நேரவில்லை. யூனிகோர் என்னும் வகைக்கும் இதே ஐயம் எழுந்தது. அதனைப் பேணுபவர், ஏற்ற தொகுப்பி ஒன்றைத் தர முயல்வதாக உறுதி கூறியதால் அது விடப்பட்டது. பின்னர் 2020-ஆம் ஆண்டில் அதுவும் நீங்கிற்று.

பழமைப்பற்றுக்கு இதில் இடமில்லை என்பதற்கு டோர்வால்ட்ஸே சான்று. லினக்ஸ் பிறந்தது இன்டெல் நிறுவனத்தின் 386 நுண்செயலியில். 1991-இல் அவர் மேசையிலிருந்த கணிப்பொறி அதுவே. பிற்காலத்து நுண்செயலிகளில் உள்ள சில ஆணைகளும் நினைவகக் காப்பு முறைகளும் 386-இல் இல்லை. அந்த ஒன்றுக்காக எத்தனையோ இடங்களில் தனிவழி அமைக்க வேண்டியிருந்தது. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் அதனை நீக்கும் திருத்தம் வந்தபோது, அவர் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்பு, தன்னை ஈன்ற பொறியில் ஓடாது.

நீக்கிய நிரல் அடியோடு அழிந்துவிடுவதுமில்லை. 2005-ஆம் ஆண்டு முதல் லினக்ஸில் செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றமும் 'கிட்' என்னும் ஏட்டில் பதிவாகியுள்ளது. வேண்டுவோர் பழைய வரிகளை எடுத்துக்கொள்ளலாம். இத்தானியம் என்னும் நுண்செயலியைப் பொறுத்தமட்டில் அதுவே நடந்தது. 2001-இல் வெளிவந்த அந்நுண்செயலியின் விற்பனையை இன்டெல் 2021-இல் நிறுத்தியது. 2024 சனவரியில் வந்த 6.7 பதிப்பில் லினக்ஸும் அதனைக் கைவிட்டது. அப்பொறிகளை இன்னும் இயக்கிவந்த ஆர்வலர் சிலர், நீக்க வேண்டாம் என்று வாதாடினர். வாதம் எடுபடாதபோது, நீக்கப்பட்ட பகுதியைத் தாங்களே மீண்டும் சேர்த்துத் தனிப் பதிப்பாகப் பேணத் தொடங்கினர். அன்றுமுதல் அதன் பாரம் அவர்களுடையதாயிற்று.

முதுமை ஒன்றே நீக்கத்திற்குக் காரணமாயின், மோட்டோரோலா நிறுவனத்தின் 68020 நுண்செயலிக்குரிய நிரல் முன்பே போயிருக்க வேண்டும். 386 வெளிவந்தது 1985-இல். 68020 அதற்கும் ஓராண்டு மூத்தது. எனினும் அது லினக்ஸில் இன்றும் உள்ளது. உட்கரு மாறும்போதெல்லாம் அந்நிரலையும் உடன் திருத்தி, பழைய பொறிகளில் ஓட்டிப் பார்த்துச் சொல்பவர்கள் இருக்கின்றனர்.