இடிப்பதற்கு முன் அளந்து பாருங்கள்!

‘திருவண்ணாமலை டவுனில் தாத்தா காலத்து ஓட்டு வீடு இருக்கிறது. 20 அடி அகலம், 70 அடி நீளம். மழைக்கு ஒழுகுகிறது. அரை ஏக்கர் நிலத்தை விற்று, இடித்துவிட்டு மாடி வீடாகக் கட்டலாம் என்கிறான் மகன். அனுமதி, செலவு விவரம் சொல்லுங்கள்’ என்று செங்கம் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நிலத்தை விற்கும் பேச்சு இருப்பதால், கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது? தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை எல்லாம் முடித்துவிட்டுத்தான் இன்ஜினீயரைத் தேட வேண்டும். கோயில் ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மனை கோயிலுக்குச் சொந்தமாக இருந்து, மேலே இருக்கும் வீடு மட்டும் நம்முடையதாக இருக்கலாம். 1959-ம் வருட இந்து சமய அறநிலையத்துறைச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, கோயில் நிலத்தை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையர் ஒப்புதல் தேவை. வாடகை ரசீதை நம்பி லட்சக்கணக்கில் கொட்டக் கூடாது.

அடுத்தது அளவு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய வீட்டின் திண்ணை தெருவை ஒட்டியே இருக்கும். இடித்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடியும் சுவர் எழுப்ப முடியாது. 2019-ம் வருட ஒருங்கிணைந்த கட்டட விதிகள் புதுக் கட்டடத்துக்குத்தான் கணக்குப் பார்க்கும். குறுகலான தெருவிலும் முன்பக்கம் ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி விட வேண்டும். 20 அடி அகல மனையில் அதுவே 100 சதுர அடி. பக்கவாட்டில் விட வேண்டுமா என்பது, உங்கள் தெரு ‘தொடர் கட்டடப் பகுதி’யா என்பதைப் பொறுத்தது. ஒரு மீட்டர் விடச் சொன்னால் 20 அடி, 17 அடிக்குள் சுருங்கிவிடும். இதை மாநகராட்சியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2002-ல் மத்திய தொல்லியல் துறை அண்ணாமலையார் கோயிலை எடுத்துக்கொள்ள முயன்றதும், எதிர்ப்பு கிளம்பி 2004-ல் அது கைவிடப்பட்டதும் நினைவிருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி அந்தத் துறையிடம் இருக்கும் கோயில்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். அப்படிப்பட்ட ஊர்களில் வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

அனுமதி வாங்குவது முன்பைவிடச் சுலபம்தான். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். விவரம் தவறாக இருந்தால் பொறுப்பு நம்முடையது. வெள்ளையடிப்பது, பூச்சு, தரை போடுவது, ஓடு மாற்றுவது போன்ற வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை.

இனி செலவு. சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தாலும், கீழே 1,000, மேலே 1,000 என்றால் 44 லட்சம். அரை ஏக்கர் அதற்குப் போதுமா? அந்த வாசகரின் வீட்டில் ஒழுகுவது கூரைதான். சுவர் நன்றாக நின்றால், உளுத்துப்போன கைமரங்களையும் ரீப்பர்களையும் உடைந்த ஓடுகளையும் மாற்ற என்ன ஆகும் என்று ஒரு தச்சரிடமும் கொத்தனாரிடமும் எழுதி வாங்கிப் பாருங்கள். நான் அதைத்தான் முதலில் செய்வேன். சுண்ணாம்புச் சுவருக்கு மேலே சிமென்ட் பூச வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாக விழும்.

இடிப்பதுதான் முடிவென்றால், தேக்குத் தூண், விட்டம், கதவு, நிலை, கருங்கல் எல்லாவற்றையும் எண்ணி, போட்டோ எடுத்து, தனியாக விலை கேளுங்கள். ‘இடிக்கக் கூலி வேண்டாம், மரத்தைக் கொடுத்தால் போதும்’ என்று வருபவர் நஷ்டத்துக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், அவர்களை வைத்துக்கொண்டே விரிசல்களைப் படம் எடுத்து, எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

மாட வீதிப் பக்கம் என்றால் கார்த்திகை தீபத்தின்போதும் பௌர்ணமியின்போதும் மணல் லாரி உள்ளே வராது. தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினால், ஆடி மழைக்கு முன்பே தளம் போட்டுவிடலாம்.