காடி இல்லாத குழல்

ஒரத்தநாடு பக்கம் வளர்ந்தவங்களுக்கு நரிக்குறவர் தோளில் தொங்கிய நீளக் குழல் துப்பாக்கி நினைவிருக்கும். கருமருந்து, அடைப்பு, ரவை எல்லாத்தையும் வாய்வழியாகவே போட்டுக் கெட்டிக்கணும். ஒருமுறை வெடித்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். கொக்குக்கும் காடைக்கும் அது போதும், ரவை பரவுவதுதான் அங்கே பலம். அதே குழலில் ஒற்றை உருண்டையைப் போட்டு நூறு கஜத்தில் நிற்கும் பன்றியைச் சுட்டால் பெரும்பாலும் தப்பிடும்.

குழலின் உள்சுவர் வழுவழுன்னு இருப்பதுதான் காரணம். உருண்டை குழலைவிடக் கொஞ்சம் சின்னது. உள்ளே அங்கங்கே முட்டிக்கிட்டு வரும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதைப் பொறுத்து சுழன்று, காற்றில் விலகிப் போகும். ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு திசை.

ரைஃபிளில் உள்சுவரில் திருகு மறை மாதிரி காடி வெட்டியிருப்பாங்க. 1853 மாதிரி என்ஃபீல்டில் மூன்று காடிகள், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலோ 39 அங்குலம்தான். அதாவது குண்டு உள்ளே சுற்றுவது அரைச் சுற்று! ஆனா நொடிக்கு 900 அடி வேகத்தில் வெளியேறினால், கணக்குப்படி நொடிக்கு 138 சுற்று வருது. பம்பரம் சாயாமல் நிற்கும் அதே விஷயம்தான்.

இதன் மதிப்பை ஆங்கிலேயர் நல்லாவே புரிஞ்சு வச்சிருந்தாங்க. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று வந்த 1858 மாதிரி, பார்க்க என்ஃபீல்டு போலவே இருக்கும். காடி மட்டும் கிடையாது. குழலின் உள்விட்டம் 0.577 அங்குலத்திலிருந்து சுமார் 0.656 ஆயிடுச்சு. தூரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் பின்குறியும் போச்சு. கத்தி, அணிவகுப்பு எல்லாம் பழையபடி. தூரத்தில் குறி மட்டும் தவறும். எனக்குத் தெரிஞ்சு, திட்டமிட்டே தரம் குறைத்த பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

காடி இருந்தால் மட்டும் போதாது. ஐந்து குண்டும் ஓரமாக, ஆனா ஒரே இடத்தில் விழுந்தால் கவலையில்லை, குறியை நகர்த்தினால் சரியாயிடும். சிதறினால் குறியைத் தொட்டுப் பயனில்லை. மருந்தின் அளவு, குண்டு, மரக்கட்டை மூன்றையும் ஒவ்வொன்றாகத்தான் மாற்றிப் பார்க்கணும். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்ததுன்னு தெரியாது (நம்ம தொழில்லயும் இதே கதைதான்).

ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள் பலவற்றில் முன்கட்டை தனித் துண்டாகக் குழலுக்கு அடியில் தொங்கும். மரம் ஈரம் குடித்து உப்பினால் குழலை அழுத்தும், அதிர்வு மாறும், குண்டு வேறிடம் போகும். அதனால் கட்டைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி விட்டுச் செதுக்குறவங்க உண்டு. அது இல்லைன்னா, ஐப்பசி அடைமழையில் சரிபார்த்த குறி சித்திரை வெயிலில் அப்படியே நிற்கும்னு நம்ப முடியாது.