பட்டாளத்துக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டி

சிப்பாயாகப் பட்டாளத்தில் சேருபவர் 18, 20 வயதில் ரயில் ஏறுகிறார். பென்ஷனுக்குக் குறைந்தது 15 ஆண்டுப் பணி வேண்டும். அதை முடித்து, இன்னும் சில ஆண்டு கூடுதலாகவும் இருந்துவிட்டு ஊர் திரும்பும்போது அவருக்கு வயது 40-ஐ ஒட்டித்தான் இருக்கும். 90 வயதுவரை இருந்தால், சீருடையில் கழித்த காலத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் 'முன்னாள் படைவீரர்' என்ற பெயரில் வாழ்ந்திருப்பார். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று தெருவில் அடையாளம் சொல்லப்படும் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது காலத்தின் கதைதான்.

பாளையம் என்றால் படை தங்கிய இடம். விஜயநகரப் படைகளோடு தெற்கே வந்தவர்களின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் ராஜபாளையத்து ராஜுக்கள். ஆனால் கடந்த நூற்றாண்டில் இந்த வட்டாரத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களை அனுப்பியது பழம்பெருமை அல்ல. மாதம் தவறாமல் வரும் சம்பளம். ஒரு பையன் நூற்பாலைக்குப் போவான், ஒருவன் நிலத்தைப் பார்ப்பான், ஒருவன் ஆளெடுப்பு முகாமுக்குப் போவான்.

மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவருக்கு நீலகிரியிலுள்ள வெலிங்டனில் பயிற்சி. 1758-இல் தோன்றிய படை அது. பீரங்கிப் படைக்காரர் நாசிக் போவார், சிக்னல்ஸ்காரர் ஜபல்பூர். 1960-களின் தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் 1962, 1965, 1971 என மூன்று போர்களின் காலத்தைச் சீருடையில் கடந்தார்கள். வீட்டுக்கு வந்த கடிதங்களில் அனுப்புநர் ஊர் இருக்காது, '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்ற எண் மட்டும் இருக்கும். ஆண்டுக்கு 60 நாள் விடுமுறை. போக வர நாலைந்து நாள் ரயிலில் கழியும். பிள்ளைக்குப் பள்ளியில் பெயர் எழுதியது, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி ஓடியது, மணியார்டரில் வந்ததை எண்ணிக் கடனடைத்தது எல்லாம் மனைவிதான். குடும்பஸ்தர் என்ற சொல் பட்டாளத்துக்காரருக்குப் பொருந்தத் தொடங்குவதே அவர் திரும்பி வந்த பிறகுதான்.

திரும்பியவர் சும்மா இருப்பதில்லை. பென்ஷன் ஒரு பக்கம் வர, மில் வாட்ச்மேனாகவோ வங்கிக் காவலராகவோ 60 வயதுவரை இரண்டாவது வேலை. மிலிட்டரி கேண்டீன் கார்டு அவரிடம் இருப்பது சொந்தக்காரர் அனைவருக்கும் தெரிந்திருக்கும். 2003-இல் முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் வந்தது. ஒரே பதவி, ஒரே பென்ஷன் திட்டம் 2014 ஜூலை முதல் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. 2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் பணி 4 ஆண்டுகள்தான். நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாவார்கள், மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. ஐம்பது ஆண்டு பென்ஷன் வாங்கிய தாத்தா இனி எல்லா மிலிட்டரிக்காரர் வீட்டிலும் இருக்கமாட்டார்.

இந்த நீண்ட ஆயுளின் கணக்கு முழுதும் கட்டிலுக்கடியில் உள்ள கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எண், பதவி, பெயர். உள்ளே மெடல்கள், அவற்றை விளிம்பு தெரியத் திருப்பினால் அங்கேயும் அதே எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். மெடல்களைவிட முக்கியமானவை அடியில் கிடக்கும் இரண்டு: டிஸ்சார்ஜ் புத்தகம், அலகாபாத்திலிருந்து வந்த பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் ஆணை.

பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் முகவரி 'ராமநாதபுரம் மாவட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா' என்றிருக்கும். 1985-இல் மாவட்டம் பிரிந்து காமராஜர் மாவட்டம் ஆனது. 1997-இல் விருதுநகர் மாவட்டம் என்றானது. ராஜபாளையம் தனித் தாலுகா ஆகிவிட்டது. அவர் வீடு மாறவில்லை, காகிதத்தில் ஊர்தான் மாறிக்கொண்டே போயிருக்கிறது. இதையாவது விளக்கிச் சொல்லிவிடலாம். மனைவியின் பெயர்தான் சிக்கல். ஆண்டாள் என்பது இந்தப் பக்கம் சாதாரணமான பெண் பெயர். கல்யாணமானதும் யூனிட்டில் சொன்னபோது வடநாட்டு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ரேஷன் கார்டில் அவரே ஆண்டாளம்மாள். ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டல், வேறு இனிஷியல். பிறந்த தேதி பல பழைய ஆவணங்களில் இருக்காது.

அது ஏன் பெரிய விஷயம்? 80 வயதானால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுகிறது. 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100-இல் முழுதாக இன்னொரு பங்கு. அவருக்குப் பின் மனைவிக்கு வரும் குடும்ப பென்ஷனுக்கும் இதே கணக்குத்தான். வயதுக்கு ஆதாரம் இல்லாவிட்டால் கூடுதல் தொகை இல்லை. 90 வயதில் பெரியவர் காலமானால், மனைவிக்கு வருவது சம்பளத்தில் 30 சதவீதம். அவருடைய அடிப்படை பென்ஷன் 50. அதாவது, வயதுக்கான கூடுதலைச் சேர்க்காமல் பார்த்தால், 100 ரூபாய் வந்த இடத்தில் 60 ரூபாய். அந்த 60 ரூபாயும் பெயர் பொருந்தினால்தான் தாமதமில்லாமல் வரும். பொருந்தாவிட்டால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரம், ரெஜிமெண்ட் ஆவணப் பிரிவுக்கு விண்ணப்பம், பதிலுக்குக் காத்திருப்பு. துக்க வீட்டில் 80 வயதுப் பாட்டியை இதற்காக அலையவிடுவது கொடுமை. குடும்பத்தை இத்தனை காலம் தனியாக நடத்தியவர், தான் இன்னாரின் மனைவி என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர் உயிரோடு இருக்கும்போது அவரே கையெழுத்திட்டுக் கேட்டால் இந்தத் திருத்தம் எளிது. விருதுநகரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் இணைய முறைக்கு மாறிவிட்டதால், அதிலுள்ள மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்பதைப் பேரப்பிள்ளைகளே பார்த்துச் சொல்லலாம். நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்கத் தாத்தாவை அழைத்துப்போகும் அன்று, டிரங்குப் பெட்டியைத் திறந்து பாட்டியின் பெயரையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.