ஓடாத கப்பலை ஏன் காக்க வேண்டும்?

"ஓடாத கப்பலொன்றுக்கு இவ்வளவு செலவா மகள்?" என்று வாப்பா கேட்டார். மூத்தவாப்பாவின் கடைத் தராசைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுப்பதற்காக வாசலில் எடுத்து வைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இலண்டன் கிறீனிச்சில் நிற்கும் 'கட்டி சார்க்' என்ற பாய்மரக் கப்பலைப் பற்றி நான் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. இக்கட்டுரையே அந்தப் பதில்.

சீனத் தேயிலையை இலண்டனுக்கு விரைவாகக் கொண்டுசேர்ப்பதற்காக ஸ்கொட்லாந்தின் டம்பார்டனில் இக்கப்பல் கட்டப்பட்டது. முதலில் வந்துசேரும் புதுத் தேயிலைக்கே நல்ல விலை கிடைத்தது. எனவே இரும்புச் சட்டங்களின் மேல் மரப்பலகைகளைப் பொருத்தி, ஒடுங்கிய உடலுடன் அதனை அமைத்தார்கள். இரும்பு வலிமையைத் தந்தது. சரக்குக்குக் கூடுதல் இடமும் கிடைத்தது.

1869 நவம்பர் 22ஆம் திகதி கப்பல் நீரில் இறங்கியது. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர்தான் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. நீராவிக் கப்பல்கள் அக்குறுக்கு வழியால் சென்றன. காற்றை நம்பிய கப்பல்களோ ஆபிரிக்காவைச் சுற்றியே வந்தன. பிறந்தபோதே அதன் காலம் முடியத் தொடங்கிவிட்டது!

ஆயினும் அது சோர்ந்துவிடவில்லை. 1872இல் 'தேர்மோபிலி' என்ற கப்பலுடன் போட்டியிட்டு முந்திச் சென்றபோது, புயலில் அதன் சுக்கான் உடைந்தது. மாலுமிகள் நடுக்கடலிலேயே புதுச் சுக்கான் செய்து பொருத்தினார்கள். ஒரு வாரம் பிந்தி வந்தாலும் அந்தப் பயணமே இன்றும் பேசப்படுகிறது. தேயிலை கைவிட்டுப் போனதும் அவுஸ்திரேலியக் கம்பளியை ஏற்றியது. 1885இல் சிட்னியிலிருந்து 73 நாட்களில் இங்கிலாந்தை அடைந்தது.

1895இல் போர்த்துக்கேயருக்கு விற்கப்பட்டு, வேறு பெயரில் உழைத்தது. 1922இல் கப்டன் டவ்மன் அதனை வாங்கிப் புதுப்பித்தார். அவர் மறைந்தபின் அவருடைய மனைவி 1938இல் கடற்பயிற்சிக் கல்லூரிக்கு அதனைக் கொடுத்தார். 1954இல் அது கிறீனிச்சுக்கு வந்தது.

நிலத்தில் நின்றாலும் கப்பலுக்கு ஓய்வில்லை. கடலுப்பு இரும்பை அரித்தது. அதனைத் திருத்திக்கொண்டிருந்த வேளையில், 2007 மே 21இல் தீப்பிடித்தது. நல்ல வேளையாக, பாய்மரங்களும் பலகைகள் பலவும் திருத்த வேலைக்காக ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தன. பராமரிக்க எடுத்த முயற்சியே அவற்றைக் காப்பாற்றியது. 2012இல் ஏறத்தாழ மூன்று மீற்றர் உயர்த்தப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அதன் அடிப்பகுதியின் கீழேயே நடந்து பார்க்கலாம்.

இதுதான் என் பதில் வாப்பா: அந்தக் கப்பல் இப்போதும் வேலை செய்கிறது. முன்பு சரக்குச் சுமந்தது. இன்று உழைத்தவர்களின் கைத்திறனைச் சுமக்கிறது. படத்தில் பார்த்தால் அதன் வடிவம் தெரியும். எப்படிப் பொருத்தினார்கள் என்பதைக் கப்பலே காட்டும்.

இதை வாசித்துக் காட்டியபோது வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. தராசை மட்டும் உள்ளே எடுத்து வைத்தார். உங்கள் வீட்டிலும் பழைய பொருள் ஏதும் வாசலுக்கு வந்தால், அது என்ன வேலை செய்தது என்று பெரியவர்களிடம் ஒருமுறை கேளுங்கள். பிறகு முடிவெடுக்கலாம்.