படகோரத்தில் ஓர் எட்டு

செயற்கை இரை படகை நெருங்கிவிட்டது. வேறு மீனுக்குத் தூண்டில் போடுகிறவராக இருந்தால் இந்த இடத்தில் கோலைத் தூக்கி அடுத்த வீச்சுக்குத் தயாராகிவிடுவார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஏரிகளில் மஸ்கி மீனைத் தேடுகிறவர் அப்படிச் செய்யமாட்டார். கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கி, இரையைப் படகோரமாகவே பெரிதாக ஓர் எட்டுப் போட வைப்பார். ஓட்டுநர் உரிமத்துக்காக மைதானத்தில் வண்டியில் போடுவோமே, அதே எட்டுதான். இரை முதல் வளைவில் திரும்பும்போது, மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டை என்று நினைத்தது மெல்ல அசைகிறது. ஒரு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள மீன் அது. இவ்வளவு நேரமும் இரைக்குப் பின்னால், ஒரு துடுப்பைக்கூட அவசரமாக அசைக்காமல் வந்திருக்கிறது. இரண்டாவது வளைவில் வாய் திறக்கலாம். திரும்பியும் போய்விடலாம். பெரும்பாலும் திரும்பித்தான் போகும்.

'பத்தாயிரம் வீச்சு மீன்' என்று இதற்குப் பட்டப்பெயர். மஸ்கெலஞ்ச் என்பது முழுப்பெயர். ஒஜிப்வே பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த சொல் அது. 'பெரிய பைக்' என்றும் 'அழகில்லாத பைக்' என்றும் அதற்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்கிறார்கள். பைக் என்பது இதே குடும்பத்து இன்னொரு மீன். விஸ்கான்சின் 1955இல் மஸ்கியைத் தன் மாநில மீனாக அறிவித்தது. தேடிப் போக நினைப்பவர்கள் வழக்கமாகப் படகிலும் விடுதியிலும் தொடங்குவார்கள். நான் மீனின் நாட்காட்டியிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். மாநிலத்தின் வடக்கே விலாஸ் மாவட்டத்தில் மட்டும் 1,300க்கும் அதிகமான ஏரிகள் இருக்கின்றன. கடைசிப் பனியூழிக் காலம் முடிந்து பனிப்பாளம் பின்வாங்கியபோது, மண்ணில் புதைந்துபோன பனிக்கட்டிகள் உருகி விட்டுச்சென்ற பள்ளங்களே அவற்றில் பலவும். அந்த மாவட்டத்து ஈகிள் ரிவர் ஊரைச் சுற்றி 28 ஏரிகள் கால்வாய்களாலும் ஆற்றாலும் கோத்துக் கிடக்கின்றன. இடையில் ஓர் அணை உண்டு. அங்கே படகையே பாரந்தூக்கியால் தூக்கி மறுபக்கத் தண்ணீரில் இறக்கிவிடுகிறார்கள். கேட்ஃபிஷ், கிரான்பெரி, எல்லோ பிர்ச் என்று ஏரிகளின் பெயர்களைக் கேட்டாலே அங்கே எது வாழ்ந்தது, எது விளைந்தது என்று தெரிந்துவிடும். ஸ்கேட்டரிங் ரைஸ் என்ற பெயரில் ஒஜிப்வே மக்கள் அறுவடை செய்த காட்டரிசி நினைவுக்கு வருகிறது.

எப்போது போவது என்பதுதான் கடினமான கேள்வி.

வசந்தத்தில், ஏரியின் மேல் உறைந்த பனி உடைந்த பிறகு, தண்ணீரின் வெப்பநிலை 9 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் நாட்களில் மஸ்கி முட்டையிடும். இடுப்பளவு ஆழம்கூட இல்லாத குடாக்களுக்குப் பெரும்பாலும் இரவில் வந்து முட்டைகளைத் தூவிவிட்டுப் போய்விடும். நம் விரால் மீன், செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கொத்தாகத் திரியும்போது தாயும் தந்தையும் அடியில் நின்று காவல் காக்குமே, அந்தப் பழக்கமெல்லாம் மஸ்கிக்குக் கிடையாது. கூடும் கட்டாது, காவலும் இருக்காது. பெரிய பெண் மீன் ஒரு லட்சத்துக்கும் அதிகமான முட்டைகளை இடும். அவை செடிகளில் ஒட்டிக்கொள்ளாமல் நேரே அடியில் போய் உட்காரும்.

உட்காரும் இடம் எப்படிப்பட்டது என்பதில்தான் அந்த ஏரியின் எதிர்காலம் இருக்கிறது. மைக் டோம்பெக் என்ற ஆய்வாளர் இதைத் தேடிப் போனார். வடக்கு விஸ்கான்சினில் வளர்ந்து, இளமையில் மஸ்கி பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் படகோட்டியவர் அவர். பின்னாளில் அமெரிக்க வனத்துறையின் தலைவரானார். சில ஏரிகளில் மஸ்கி தானாகப் பெருகுகிறது, சிலவற்றில் குஞ்சுகளை விட்டுக்கொண்டே இருந்தால்தான் நிலைக்கிறது. இது ஏன் என்பது அவருடைய கேள்வி. சகாக்களுடன் அவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு முட்டைகள் கிடக்கும் அடித்தளத்தையே காரணமாகக் காட்டியது. மீன் தானாகப் பெருகாத ஏரிகளில், சேற்றை ஒட்டிய நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லவே இல்லை. மட்கும் இலைதழைகள் அதைத் தின்று தீர்த்துவிடுகின்றன. மேலே படகில் இருப்பவர் சுவாசிக்கிற காற்றுக்குக் குறைவில்லை. ஒரு மீட்டருக்குக் கீழே முட்டைகள் மூச்சுத் திணறிச் சாகின்றன. ஏரிக்கரை வீட்டுப் புல்வெளியிலிருந்து உரம் வழிந்து வந்தால் பாசி பெருகும், பாசி மடிந்தால் சேறு கூடும். விஸ்கான்சின் 1899இலேயே மஸ்கிக் குஞ்சுகளைப் பொரித்து ஏரிகளில் விடத் தொடங்கிவிட்டது. பொரிப்பகத்தால் மீனைத் தர முடியும், குடாவின் அடித்தளத்தைச் சுத்தமாக்கித் தர முடியாது.

ஏரிகள் கோத்துக் கிடப்பதில் மஸ்கிக்கு நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஒரு ஏரியில் இரை குறைந்தால் கால்வாய் வழியே அடுத்ததற்குப் போகலாம். அதே கால்வாயில் பைக் மீனும் வரும். பைக் சில வாரங்கள் முந்தி, பனி உடைந்த கையோடு முட்டையிட்டுவிடும். மஸ்கிக் குஞ்சு பொரிந்து கண் விழிக்கும்போது பைக் குஞ்சு அதை விழுங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். உருவத்தில் இரண்டும் உடன்பிறப்புகள்போல இருப்பதால், பிடித்தவர் அடையாளம் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் பிடிப்பு விதிகள் வேறு வேறு. பைக்கின் கருத்த உடலில் வெளிர்ப் புள்ளிகள் இருக்கும். மஸ்கியின் வெளிறிய உடலில் கருமையான கோடுகளோ புள்ளிகளோ இருக்கும். நிறம் ஏமாற்றினால் கீழ்த்தாடையைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஊசியால் குத்தியதுபோல நுண்துளைகள் வரிசையாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஐந்து அல்லது அதற்குக் குறைவு என்றால் பைக், ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் மஸ்கி.

அந்தத் துளைகள் மீனின் பக்கக்கோட்டு உணர்வுத் தொகுதியைச் சேர்ந்தவை. நீரின் மிகச்சிறு அசைவையும் அழுத்த மாற்றத்தையும் அந்தத் தொகுதி உணரும். சிகாகோவில் ஆய்வாளர் ஜான் நியூவும் அவருடைய சகாக்களும் மஸ்கிகளைத் தொட்டியில் விட்டு, சிறுமீன்களை வேட்டையாடுவதைப் படமெடுத்து, ஒவ்வொரு சட்டகமாக ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். வேட்டையில் இரண்டு கட்டங்கள் தெரிந்தன. முதலில் உடலை ஏறக்குறைய அசைக்காமல் நகர்ந்து நெருங்குவது, பிறகு வில்லாக வளைந்து ஒரே பாய்ச்சல். பார்வை மறைக்கப்பட்ட மீன்கள் இரையைத் தேடி நெருங்கவே இல்லை. ஆனால் இரை மிக அருகில் வந்துவிட்டால் பாய்ந்தன! தூரத்தில் கண் வழிநடத்துகிறது, கடைசி நொடியில் பக்கக்கோடும் சேர்ந்துகொள்கிறது.

படகோர எட்டுக்கு இதில் விளக்கம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நேர்க்கோட்டில் வரும் இரையை மீன் பின்தொடர்ந்து பார்த்துக்கொண்டு மட்டுமே வருகிறது. வளைவில் இரை தன் விலாவைக் காட்டுகிறது, வேகம் மாறுகிறது, தள்ளப்படும் நீரின் விசை மீனின் தாடையிலும் பக்கவாட்டிலும் புதிதாக மோதுகிறது. அனுபவசாலிகள் வளைவை அகலமாகப் போடச் சொல்வதும் இதனால்தான். நீளமான மீன் குறுகலாகத் திரும்ப முடியாமல் இரையைத் தவறவிட்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மீன் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அதற்கு எளிய காரணங்கள் உண்டு. நல்ல ஏரியில்கூட ஏக்கருக்கு ஒரு பெரிய மஸ்கி என்ற கணக்குக்கூட வராது. வட விஸ்கான்சினில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மஸ்கிகளின் வயிற்றில் இருந்ததைச் சோதித்து 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. பெரும்பாலானவற்றின் வயிறு காலி. இரை இருந்தவற்றில் மஞ்சள் பெர்ச்சும் சக்கர் மீன்களுமே முதன்மையாக இருந்தன. வால்ஐ (walleye) என்ற இன்னொரு மீன் மிகக் குறைவு. வால்ஐ குறைந்துபோனதற்கு மஸ்கிமேல் பழி போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். பெரிய இரையை எப்போதாவது விழுங்கும் உயிரிடம் நாம் மணிக்கு ஐம்பது முறை இரையைக் காட்டுகிறோம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பயணத்தின் மாதம் தானாகத் தெரியவரும். வட விஸ்கான்சினில் மஸ்கிக்குத் தூண்டில் பருவம் மே மாத இறுதியில், முட்டையிடல் முடிந்த பிறகே திறக்கிறது. ஜூனில் மீன்கள் இளஞ்செடிகள் முளைத்த ஆழமில்லாத இடங்களில் இருக்கும், சிறிய இரைகள் போதும். ஜூலை, ஆகஸ்ட்டில் நான் போகச் சொல்லமாட்டேன். நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். தூண்டிலில் போராடிக் களைத்து, தசையெங்கும் லாக்டிக் அமிலம் ஏறிய மஸ்கி அந்த நீரில் மீள்வது கடினம். மேல்நீர் 27 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பொறுப்புள்ளவர்கள் கோலைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். பையில் ஒரு வெப்பமானி கட்டாயம் இருக்கட்டும். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் வரை சிறந்த காலம். மேப்பிள் இலைகள் சிவக்கும், தண்ணீர் குளிரும், மீன் குளிர்காலத்துக்காகத் தின்னும்.

கருவிகளில் மீனைப் பிடிக்க வேண்டியவை குறைவுதான். கனமான கோல், 80 பவுண்டுக்குக் குறையாத பின்னல் நரம்பு, பற்கள் அறுக்க முடியாதபடி முன்னால் கம்பித்தலை. மீனை விடுவதற்குத்தான் நிறைய வேண்டும். ரப்பர் பூசிய பெரிய வலை, நீள மூக்குக் குறடு, முள்ளையே துண்டிக்கும் வெட்டுக்குறடு. விஸ்கான்சினில் பொதுவாக 40 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளக் கூடாது, சில ஏரிகளில் 50 அங்குலம். 40 அங்குலம் வளர ஒரு பெண் மீனுக்குச் சுமார் பத்து ஆண்டுகள் ஆகும். சட்டம் அனுமதிக்கும் மீனையும் இன்று அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 1966இல் கில் ஹாம் மினசோட்டாவில் தொடங்கிய மஸ்கீஸ் இன்க் அமைப்பு அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் பெரும்பங்கு வகித்தது.

மீன் வலைக்குள் வந்ததும் வலையைத் தூக்காதீர்கள். அது தண்ணீரிலேயே படகோரம் கிடக்கட்டும், செவுள்கள் அசையட்டும். முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காமல் வெட்டிவிடுங்கள், ஒரு முள்ளின் விலை பெரிதல்ல. படம் வேண்டுமானால் கேமராவைத் தயார் செய்த பிறகு, வயிற்றுக்குக் கீழே ஒரு கை கொடுத்து, கிடைமட்டமாக ஒரே முறை தூக்குங்கள். தூக்கியவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டால் எப்போது இறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பிறகு வாலின் அடியைப் பிடித்தபடி நீரில் நேராக நிறுத்துங்கள். சில மீன்கள் உடனே போகும். சிலவற்றுக்குப் பத்து நிமிடம்கூட ஆகும், அக்டோபர் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போகும். அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். குறியிட்டுக் கண்காணித்த மஸ்கிகள் ஆண்டுதோறும் அதே குடாவுக்கு முட்டையிடத் திரும்புவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். உங்கள் கைக்குள் வால் ஒருமுறை உதறும். அதன் பிறகு அதைப் பிடித்து வைக்க உங்களால் முடியாது.