எக்ஸ்எக்ஸ்டி (கட்டளைவரிக் கருவி)

எக்ஸ்எக்ஸ்டி என்பது ஒரு கோப்பிலுள்ள பைட்டுகளைப் பதினறும எண்களாகக் காட்டும் கட்டளைவரிக் கருவியாகும். இதை யூர்கன் வைகர்ட் எழுதினார். விம் உரைத்தொகுப்பியுடன் இது சேர்த்து வழங்கப்படுகிறது. ஓர் உரைக்கோப்பை மாற்றமின்றி சி நிரலுக்குள் பொதிக்க இக்கருவியின் 'ஐ' விருப்பம் பரவலாகப் பயன்படுகிறது.

தேவை

உதவிக்குறிப்பு, வலைப்பக்கம் போன்ற நீண்ட உரைகளைத் தனிக்கோப்பாக அனுப்பாமல் இயங்குகோப்பிலேயே வைத்துக்கொள்வது பல நேரங்களில் வசதியானது. ஆனால் சி மொழியின் சரத்திற்குள் இரட்டை மேற்கோள் குறி, பின்சாய்வுக்கோடு ஆகியவற்றின் முன் கூடுதலாக ஒரு பின்சாய்வுக்கோடு இட வேண்டும். வரிமுறிவை நேரடியாக எழுத முடியாது. சி++11 இல் உள்ள மூலச்சர வசதி சி மொழியின் தரத்தில் இல்லை. மேலும், ஒரு சரத்தில் 4095 எழுத்துருக்கள் வரை மட்டுமே தொகுப்பி ஏற்றாக வேண்டும் என்கிறது சி99 தரம்; சி89 இல் இவ்வெல்லை 509 ஆகும்.

செயல்படும் முறை

'ஐ' விருப்பத்துடன் ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதன் ஒவ்வொரு பைட்டும் ஒரு பதினறும எண்ணாக எழுதப்பட்டு, குறியற்ற எழுத்துரு வகை அணி ஒன்று கிடைக்கும். அணியின் பெயர் கோப்பின் பெயரிலிருந்து அமையும். புள்ளி இருந்த இடத்தில் அடிக்கோடு வரும். இறுதியில் உரையின் நீளத்தைக் கொண்ட மாறி ஒன்றும் சேர்க்கப்படும். எல்லாம் எண்களாகிவிடுவதால் மேற்கோள் குறிச் சிக்கல் எழுவதில்லை. ஆயினும் மூலநிரலின் அளவு உரையைப்போல ஏறத்தாழ 6 மடங்காகும்.

தமிழ் உரைக்கும் இம்முறை பொருந்தும். யுடிஎஃப்-8 முறையில் 'வணக்கம்' என்ற 5 எழுத்துச் சொல் 21 பைட்டுகளாகும். கோப்பின் முடிவில் ஒரு வரிமுறிவு இருந்தால் நீள மாறியின் மதிப்பு 22 ஆக இருக்கும்.

கவனிக்க வேண்டியவை

சி மொழியில் சரம் என்பது சுழிய பைட்டில் முடிய வேண்டும். எக்ஸ்எக்ஸ்டி அந்தச் சுழியத்தைச் சேர்ப்பதில்லை. எனவே இந்த அணியை 'ஸ்ட்ர்லென்' போன்ற சரச் செயற்கூறுகளுக்குக் கொடுத்தால், அவை அணியின் எல்லையைத் தாண்டி நினைவகத்தைப் படிக்கக்கூடும். சில முறை சரியாக ஓடுவதுபோலத் தோன்றுவதால் இப்பிழையைக் கண்டறிவது கடினம். இதைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன:

1. நீள மாறியைக் கொண்டு 'எஃப்ரைட்' போன்ற செயற்கூற்றால் அச்சிடலாம்.
2. உரையை இயல்பு உள்ளீடு வழியாகக் கொடுக்கலாம். அப்போது எண்களின் பட்டியல் மட்டுமே வெளிவரும். அதன் முடிவில் 0 சேர்த்து, அணியை நாமே அறிவிக்கலாம்.

இரண்டாம் வழியில் அணியை மாறிலியாகவும் அறிவிக்க முடியும். நினைவகம் குறைந்த நுண்கட்டுப்படுத்திகளில் இது முக்கியமானது.

மாற்று வழிகள்

குனூ இணைப்பியின் இரும உள்ளீட்டு வசதியால் ஒரு கோப்பை நேரடியாகப் பொருள்கோப்பாக மாற்றலாம். சி23 தரத்தில் 'எம்பெட்' என்னும் முன்செயலிக் கட்டளை சேர்க்கப்பட்டுள்ளது. இதனை ஆதரிக்கும் தொகுப்பிகளில் தனிக்கருவி தேவையில்லை. எனினும் இதுவும் சுழியத்தைத் தானாகச் சேர்ப்பதில்லை.