மலை ஏறும்போது நெஞ்சுக்குள்

தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, படங்கைக் கட்டியபடி நிற்கும் ஒரு பெண்ணின் இதயம் நிமிடத்துக்கு 75 தடவை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்கு 0.8 செக்கன். அதற்குள் நடப்பதை ஒழுங்காகப் பார்த்தால், பசறை, நமுனுகுலைப் பக்கத்து மலைகளில் ஏறும்போது சிலருக்கு ஏன் நெஞ்சை அடைக்கிறது என்பது விளங்கிவிடும்.

வலது சோணையறையின் மேற்சுவரில் இருக்கும் குடாச்சோணைக் கணுதான் மின்துடிப்பைக் கிளப்புகிறது. அது பரவியதும் மேலே உள்ள இரண்டு சோணையறைகளும் சுருங்கி, மிச்சக் குருதியைக் கீழே இதயவறைகளுக்குள் தள்ளுகின்றன. இதற்கு 0.1 செக்கன். இடையில் இருக்கும் இன்னொரு கணு துடிப்பைக் கொஞ்சம் தாமதித்தே கீழே விடுகிறது. கீழறைகள் நிரம்புவதற்கு அந்த அவகாசம் வேண்டும். பிறகு இதயவறைகள் 0.3 செக்கன் சுருங்குகின்றன. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையில் உள்ள முக்கூர், இருகூர் வால்வுகள் மூடும் சத்தம்தான் 'லப்'. வலது பக்கம் குருதியை நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடது பக்கம் பெருநாடி வழியே உடம்பு முழுவதற்கும். அதனால்தான் இடது இதயவறையின் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பு. ஒரு சுருக்கத்தில் சுமார் 70 மில்லிலீற்றர் வெளியேறும். நிமிடத்துக்கு 5 லீற்றர். வெளிவாசலில் அரைமதி வால்வுகள் மூடும்போது 'டப்'.

அடுத்த 0.5 செக்கன், சோணையறைகள் மறுபடி சுருங்கும் அந்த 0.1 செக்கனும் சேர்த்து, இதயவறைகள் தளர்ந்திருக்கும். பலரும் இதை வெறும் ஓய்வு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் இதயம் சாப்பிடும் நேரம் இதுதான். பெருநாடி தொடங்கும் இடத்திலேயே பிரியும் முடியுரு நாடிகள் இதயத்தசைக்குக் குருதி கொடுக்கின்றன. தசை இறுகும்போது தனக்குள் ஓடும் குழாய்களையும் சேர்த்து நெரித்துவிடும். ஆகவே இடது இதயவறைக்கு வேண்டிய குருதியில் பெரும்பகுதி தளர்வின்போதுதான் போய்ச் சேரும்.

இப்போது அந்தப் பெண் கூடையோடு ஏறத் தொடங்குகிறாள். நாடித்துடிப்பு 140, 150 என்று உயர்கிறது. துடிப்புக்கு 0.4 செக்கன்தான் மிஞ்சும். சுருக்கத்துக்கான நேரம் அவ்வளவாகக் குறையாது, தளர்வின் நேரம்தான் வெட்டுப்படும். வேலையோ பலமடங்கு கூடிவிட்டது. நல்ல நாடிகள் என்றால் விரிந்து சமாளிக்கும். பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், புகையிலை ஆகியவற்றால் நாடி உள்ளே சுருங்கிப் போயிருந்தால் விரிய இடமில்லை. தசை பட்டினி கிடக்கும். நெஞ்சை அமுக்குவது போல் வலிக்கும், இடது கையிலோ தாடையிலோ இழுக்கும். பெண்களுக்கு வலி பெரிதாக இல்லாமல் மூச்சு வாங்கல், முதுகு வலி, வழமையில்லாத களைப்பு என்றும் வரலாம். கூடை சுமக்கிறவளுக்கு முதுகு வலிப்பது புதிதா என்று அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கல்லில் கொஞ்சநேரம் உட்கார்ந்தால் துடிப்பு இறங்கும், தளர்வு நேரம் நீளும், வலி விட்டுவிடும். விட்டுவிடுவதால்தான் வாயு என்று முடிவுகட்டி இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு மறுநாளும் மலைக்குப் போகிறார்கள். ஏறும்போது வந்து உட்கார்ந்தால் போகிற வலியை வாயு என்று விடாதீர்கள். லயம் லயமாகப் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி இது.

சுருங்கிய இடத்தில் ஒரு நாள் குருதி உறைந்து அடைத்துவிட்டால், உட்கார்ந்தாலும் வலி போகாது. வியர்க்கும், குமட்டும். அதுதான் மாரடைப்பு. நோயாளியை நடத்திக் கீழே இறக்கக் கூடாது, ஒவ்வோர் அடியும் தசையின் பசியைக் கூட்டும். இருந்த இடத்தில் சாய்த்து உட்கார வைத்து 1990க்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் சேவை பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது, தமிழிலேயே பேசலாம். தோட்டத்துப் பாதை பிரியும் சந்தியில் ஒருவர் போய் நிற்கட்டும், வண்டி வழி தவறாது.

பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போனதும் ஈசிஜி எடுப்பார்கள். உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்து 12 மணித்தியாலத்துக்குள் பயன் தரும், முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கொடுத்தால் தசையில் பெரும்பகுதி தப்பும். அதனால் கூடப் போகிறவர் வலி தொடங்கிய நேரத்தைத் துண்டுக் கடதாசியிலாவது குறித்துக்கொண்டு போகட்டும். டொக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.